இழுப்பதும் நிறுத்துவதும்: நம் மலையில் டிரெய்லர் வந்த வரலாறு

நீலமலையின் மேல் இன்று நாம் காணும் பொருள் ஒவ்வொன்றும், உப்பு மூட்டை முதல் ஆலய மணி வரை, யாரோ ஒருவர் சுமந்தோ, எருதோ எஞ்சினோ இழுத்தோ மேலே கொண்டு சேர்த்ததேயாகும். யூபிலி மலர்களில் ஆலயம் கட்டிய வரலாறு எழுதப்படுகிறது. கட்டிய கல்லும் மரமும் எவ்வாறு மலையேறி வந்தன என்பதை எழுதுவோர் குறைவு. அப்பெரிய வரலாற்றின் ஒரு சிறு கிளையை மட்டும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். ஓடி ஓய்ந்த பழைய வேனின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதை வேறொரு வண்டியின் பின்னால் பூட்டி இழுக்கும் டிரெய்லராக மாற்றும் வழக்கம் எங்கிருந்து வந்தது, நம் மலைச் சரிவில் அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே நம் பொருள்.

நம் மலைக்குத் தொடக்க காலத்தில் வந்த குருவானவர் எந்த வண்டியிலும் வரவில்லை. 1603ஆம் ஆண்டில் அங்கமாலி ஆயர் பிரான்சிஸ்கோ ரோஸ் அவர்களால் அனுப்பப்பட்ட இயேசு சபைத் துறவி யாக்கோபு பெனிச்சியோ, கள்ளிக்கோட்டைப் பக்கமிருந்து நடந்தே ஏறித் தோடர்களைச் சந்தித்துத் திரும்பினார். மலையின் மேல் பண்டைய கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்ற செய்தியை விசாரிக்கவே அவர் அனுப்பப்பட்டார்; அப்படி யாரையும் அவர் காணவில்லை. அவர் நடந்த காலத்திலும், அதற்குப் பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலும், இங்கே சக்கரத்துக்கு வேலையே இருக்கவில்லை. 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கமாக ஏறிய பிறகுதான் பாதை வெட்டும் பணி தொடங்கியது. சிறுமுகையிலிருந்து திம்மட்டிக்கு முதற்பாதை 1820களின் தொடக்கத்தில் உருவாயிற்று. குன்னூர் மலைப்பாதை 1830களின் தொடக்கத்தில் வந்தது. அது மிகச் செங்குத்தாக இருந்தமையால் பிற்பாடு வளைவுகள் அதிகமாகவும் சரிவு குறைவாகவும் புதுப்பாதை போடப்பட்டது. அப்பணியை நடத்திய லா என்ற இராணுவ அதிகாரியின் பெயரைத்தான் குன்னூருக்கருகிலுள்ள லாஸ் அருவி இன்றும் தாங்கி நிற்கிறது.

மாட்டு வண்டி மலையேறிய காலத்தை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். டிரெய்லரைப் பற்றிய பாடங்கள் அனைத்தும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. இரட்டைச் சக்கர வண்டியில் பாரம் ஏற்றும்போது நம் வண்டிக்காரர்கள் ‘முன்பாரமா, பின்பாரமா’ என்று கேட்பார்கள். பின்பாரமானால் ஏர்க்கால் மேலெழும்பி மாட்டின் கழுத்தை நெருக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தில் அழுந்திக் காளை சோர்ந்துவிடும். ஆகவே, சற்றே முன்பாரமாக ஏற்றுவது வழக்கம். இன்றைய பொறியியல் நூல்கள், டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் விழவேண்டும் என்கின்றன. எழுத்தறியாத வண்டிக்காரர் கையை ஏர்க்காலின் அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்த்து அறிந்ததும் அதுதான்.

மற்றொன்று முட்டுக்கட்டை. ‘நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே’ என்று பேசிப் பேசி அச்சொல்லைக் கெட்ட பெயருக்கு ஆளாக்கிவிட்டோம். சமவெளியில் வேண்டுமானால் அது சரியாயிருக்கலாம். மலைப்பாதையில் ஏறும் வண்டி மூச்சு வாங்க நிற்கும்போது சக்கரத்தின் பின்னால் கட்டையோ கல்லோ வைக்கும் ஆள் இல்லாவிட்டால், வண்டியும் காளையும் பள்ளத்தில்தான். தேரோட்டத்தில் வடம் பிடிப்போர் ஆயிரம் பேராயினும், சக்கரத்தருகே கட்டை போட்டுத் தேரைத் திருப்பி நிறுத்தும் ஓரிருவர் கையில்தானே எல்லாம் இருக்கிறது?

இந்த உண்மையை முற்றும் உணர்ந்து கட்டப்பட்டது நம் மலை இரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் பாதை திறக்கப்பட்டது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி வீதம் ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப்பட்டை உண்டு. எஞ்சினின் பற்சக்கரம் அதில் கடித்து ஏறுகிறது. சிறுவயதில் நாம் அனைவரும் வியந்து பார்த்த ஒன்று, எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னால் நின்று தள்ளுவது. காரணம் எளிது. பெட்டிகளுக்குக் கீழ்ப்புறத்தில் எஞ்சின் நின்றால், கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் அதன் மேல்தான் சாயும். தனியே உருண்டோட வழியில்லை. அதுவும் போதாதென்று ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் கையில் கொடியுடன் ஒரு பிரேக் ஊழியர் நின்றார். பின்னால் வருவதற்குத் தனி பிரேக் வேண்டும் என்ற விதியை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம் கண்ணெதிரில் நிறுத்தி வைத்தார்கள். இந்த இரயிலை யுனெஸ்கோ 2005இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அழகுக்காக அதைப் புகழ்வோர் பலர். பிரேக்குக்காக அதைப் புகழ்வது நம் கட்சி.

இரயில் என்றதும் ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. அமெரிக்காவில் 1905இல் அருட்தந்தை பிரான்சிஸ் கெல்லி அவர்கள் தொடங்கிய கத்தோலிக்க விரிவுச் சங்கம், கோவிலே இல்லாத தொலைதூர ஊர்களுக்குத் திருப்பலி கொண்டு செல்ல ஒரு வழி தேடியது. புதுப் பெட்டி செய்யப் பணமில்லை. பழைய படுக்கை வசதி இரயில் பெட்டி ஒன்றை வாங்கி, உள்ளே பீடமும் இருக்கைகளும் அமைத்து, 1907இல் ‘புனித அந்தோணியார்’ என்று பெயரிட்டு ஓடவிட்டார்கள். அதற்கு எஞ்சின் கிடையாது. வழியில் போகும் இரயில்கள் அதைத் தம்மோடு பூட்டி இழுத்துச் சென்று, வேண்டிய நிலையத்தில் விட்டுச் செல்லும். ஓய்வு பெற்ற வண்டி, பிறர் இழுக்க மறுபடியும் பயனுள்ளதானதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

சாலை வண்டிகளில் இந்த மாற்றம் வறுமையினால் வந்தது. 1930களின் உலகப் பொருளாதார முடக்கத்தில் கனடா நாட்டு உழவர்கள் பெட்ரோல் வாங்க வகையற்றுப் போனார்கள். வாங்கிய கார் வாசலில் நின்றது; கொட்டிலில் குதிரை நின்றது. காரின் எஞ்சினையும் கண்ணாடிகளையும் கழற்றிவிட்டு, குதிரையைப் பூட்டி ஓட்டினார்கள். அப்போதைய பிரதமர் பென்னெட்டின் மேலிருந்த கோபத்தில் அதற்கு ‘பென்னெட் வண்டி’ என்று பெயரும் வைத்தார்கள். நம் நாட்டிலும் அதே பத்தாண்டுகளில் காற்றடைத்த டயர், மாட்டு வண்டிக்கு வந்தது. வடநாட்டில் அதை ‘டன்லப் வண்டி’ என்றே அழைத்தார்கள். தமிழகத்தில் ‘டயர் வண்டி’. பழைய லாரி, கார் இவற்றின் ஆக்சிலையும் சக்கரத்தையும் வாங்கி, மேலே பலகை அடித்து டயர் வண்டி செய்யும் பட்டறைகள் சந்தை ஊர்தோறும் பெருகின. மரச்சக்கரத்தை விடப் பன்மடங்கு எளிதாக அது உருண்டது. எளிதாக உருள்வது இறக்கத்தில் எதிரியாகும் என்பது சமவெளிப் பட்டறைக்காரர்களின் கவலையாக இருந்திருக்க முடியாது!

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கட்டுப்பாடு வந்தது. மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் கரி வாயுவில் பஸ்களை ஓட்டக் கருவி செய்து அளித்தார்கள். ‘கரி பஸ்’ என்று பெரியவர்கள் நினைவு கூர்வது அதைத்தான். இலண்டனில் அக்கருவியை ஒரு சிறு டிரெய்லரில் வைத்து பஸ்ஸின் பின்னால் இழுத்தார்கள். ஆனால் ஆற்றல் குறைந்தமையால், மேடில்லாத வழித்தடங்களிலேயே பெரும்பாலும் ஓட்ட முடிந்தது. போர் முடிந்ததும் இராணுவ ஜீப்புகள் ஏலத்துக்கு வந்தன. 1947 முதல் மகேந்திரா நிறுவனத்தாரும் நம் நாட்டிலேயே ஜீப் பூட்டத் தொடங்கினர். நீலகிரியின் தோட்டச் சாலைகளுக்கு அளவெடுத்துத் தைத்தாற்போன்ற வண்டி அது. ஜீப்போடு பிறந்தது கால் டன் டிரெய்லர். சிறிய பெட்டி, இரு சக்கரம், நிறுத்தி வைக்கும்போது மட்டும் பயன்படும் கைபிரேக். கால் டன் பாரத்தை ஜீப் தன் பிரேக்கினாலேயே அடக்கிவிடும். சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது.

1960இல் சென்னையில் டாபே நிறுவனம் தோன்றி, மாசி பெர்குசன் டிராக்டர்கள் பரவலாயின. உழுவதற்கென்று வந்த டிராக்டர், உழ நிலமில்லாத தேயிலைத் தோட்டங்களில் இழுக்கும் எருதாக மாறியது. விறகும் உரமும் கொழுந்தும் அதன் பின்னால் ஏறின. 1962இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கப்பட்டு, 1965இல் இன்கோசர்வ் உருவானபோது, சிறு விவசாயிகளின் கொழுந்தும் சாலைக்கு வந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய நம் சகோதரக் குடும்பங்களுக்கு வாழ்வளிக்க 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள், பின்னர் டான்டீ ஆயின. பறித்த கொழுந்தைக் காலதாமதமின்றி ஆலைக்குச் சேர்ப்பது எல்லாருக்கும் பொதுவான பிரச்சினை. நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். அந்த நாலு கிலோவும் அமுங்கிச் சூடேறினால் சிவந்து தரம் கெடும்.

பழைய வேன் இங்கேதான் கதைக்குள் வருகிறது. எஞ்சின் தேய்ந்த வேனைச் சரி செய்ய ஆகும் செலவு வேனின் விலையைத் தாண்டும்போது, அதன் அடிச்சட்டமும் பின் ஆக்சிலும் ஸ்பிரிங் பட்டைகளும் இன்னும் நல்ல நிலையில் இருக்கும். பட்டறைக்காரர் முதலில் எஞ்சின், கியர் பாக்ஸ், முன் ஆக்சில் ஆகியவற்றை இறக்கிவிடுவார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சட்டத்தை அறுத்து, இரண்டு இரும்புச் சேனல்களைக் கூரை வடிவில் முன்னால் கூட்டி வெல்டிங் செய்வார். கூடும் முனையில் கொக்கிக்கான வளையம். பார்க்க அரை நாள் வேலை போல் தோன்றும். நுட்பம் உள்ளே இருக்கிறது.

மெட்டாடர் வேனில் முன்சக்கரங்களே வண்டியை ஓட்டுபவை. ஆகவே பின் ஆக்சில் வெறும் தாங்கி மட்டுமே. டிரெய்லருக்கென்றே செய்தது போலிருக்கும். 1984இல் வந்த மாருதி வேனில் பின்சக்கரங்கள் ஓட்டுபவை. கிரவுன் பினியன் அடங்கிய ஹவுசிங்கையும் டிரெய்லர் வீணாகச் சுமக்க வேண்டும். ‘உள்ளே இருக்கும் ஷாப்டை உருவிவிட்டால் எடை குறையுமே’ என்று சிலர் கேட்பதுண்டு. லாரியில் சக்கரம் ஹவுசிங்கின் மேல் தனியே நிற்கிறது, ஷாப்டை உருவலாம். இவ்வகைச் சிறு வண்டியில் சக்கரத்தைப் பிடித்து நிற்பதே அந்த ஷாப்ட்தான். உருவினால் சக்கரமும் கூடவே வந்துவிடும். ஷாப்ட் இருக்கட்டும்; ஹவுசிங்கில் எண்ணெயும் இருக்கட்டும்.

அடுத்து, ஆக்சில் எங்கே நிற்கிறது என்பது. வேனில் முன்பாதியின் எடையை முன்சக்கரம் தாங்கியது. அதை அறுத்தெடுத்த பின் மிச்சமுள்ள பெட்டி, சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருந்தால் அதுவே பின்பாரம். இறக்கத்தில் வேகமெடுத்ததும் அத்தகைய டிரெய்லர் பாம்பு போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் தொடங்கிய பின் எந்த ஓட்டுநராலும் நிறுத்துவது கடினம். பட்டை தாங்கிகளைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டுவதே இதற்கு மருந்து. அந்தப் பழைய வண்டிக்காரரின் கை இங்கேயும் வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரியது பிரேக். வேனின் பிரேக் ஓட்டுநர் காலடியிலிருந்த எண்ணெய்க் குழாய் மூலம் வேலை செய்தது. பெடலும் மாஸ்டர் சிலிண்டரும் முன்பாதியோடு போய்விட்டன. பின் டிரம்முகள் அப்படியே இருக்கின்றன, அவற்றை அழுத்த ஆளில்லை. பெரும்பாலான பட்டறைகளில் வேலை இதோடு முடிந்து, சாயம் பூசப்பட்டுவிடுகிறது. இதன் பொருள் என்னவென்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டரைக்கு ஒன்று என்ற நம் இரயில் பாதைச் சரிவையே எடுத்துக்கொண்டால், ஒரு டன் எடை எண்பது கிலோ விசையுடன் கீழ்நோக்கித் தள்ளும். இரண்டு டன் டிரெய்லர் நூற்றறுபது கிலோ. அது ஒரு நொடிக்கல்ல, குன்னூரிலிருந்து அடிவாரம் வரை ஓயாமல் தள்ளும். தோட்டத்தின் உட்பாதைகளில் சரிவு இதனினும் அதிகம். வளைவில் டிராக்டர் பிரேக் பிடிக்க, பின்னாலிருந்து இது தள்ள, இரண்டும் முழங்கை போல் மடங்கிக் குடை சாய்கின்றன. ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று நாளிதழில் படிக்கிறோம். பல நேரங்களில் முன் வண்டியின் பிரேக் பிடித்திருக்கும். பின்னால் வந்ததற்குத்தான் பிரேக்கே இருந்திராது.

இதற்கு வழி இல்லாமலில்லை. வேனின் கைபிரேக் வயரைக் கழற்றி எறியாமல் வைத்துக்கொண்டால், அது நேரே பின் டிரம்மை இழுக்கும். கொக்கிப் பகுதியைச் சிறிது முன்பின் நகரும்படி செய்து அந்த வயரை அதோடு இணைத்தால், முன் வண்டி வேகம் குறைத்ததும் டிரெய்லர் முன்னால் நெருக்கி, தன் பிரேக்கைத் தானே போட்டுக்கொள்ளும். தள்ளும் விசையையே தடுக்கும் விசையாக மாற்றும் இவ்வேலைக்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. நல்ல லேத்தும், பொறுமையுள்ள ஃபிட்டரும் போதும். பின்னோக்கி எடுக்கும்போது மட்டும் அது தானாகப் பிடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு தாழ் வைக்க வேண்டும். கொக்கிக்கு அடியில் குறுக்காக இரண்டு சங்கிலி கட்டினால், பின் உருவி விழுந்தாலும் டிரெய்லரின் முனை தரையில் குத்தாது. ஓட்டுநரின் பங்கும் உண்டு. எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும்.

பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். மூடிய வேன் மழைக்கு நல்லது என்று அப்படியே வைத்துக் கொழுந்து ஏற்றினால், உள்ளே புழுங்கிக் கொழுந்து வெந்துபோகும். பக்கத் தகடுகளை அறுத்துக் கம்பிவலை அடித்து, கூரையை மட்டும் விட்டுவைப்பதே தகும். காரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் அத்தனை நுணுக்கம் வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: மோட்டார் வண்டியால் இழுக்கப்படுவதெல்லாம் டிரெய்லர் என்றே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கொள்கிறது. அதற்கும் பதிவு வேண்டும். ஒரு வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். வேனாயிருந்தபோது பெற்ற பதிவுப் புத்தகத்தை நீட்டினால் செல்லாது. சரக்கு டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்வதும் முறையன்று.

இந்தக் கடைசி வரியைத்தான் நாம் அதிகம் மீறுகிறோம். தோட்டத்து வேலை முடிந்து பெண்கள் கொழுந்து மூட்டைகளின் மேல் அமர்ந்து வீடு திரும்புவதை மலையெங்கும் காணலாம். கல்யாணம், திருவிழா என்றால் கேட்க வேண்டியதில்லை. நம் ஆலயங்களிலேயே தேர்ப்பவனிக்கு டிராக்டர் டிரெய்லரின் மேல் சப்பரம் கட்டி, ஜெனரேட்டரை ஏற்றி, சம்மனசு வேடமிட்ட குழந்தைகளையும் ஓரத்தில் உட்காரவைத்து ஓட்டுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. முற்காலத்தில் தேர் மலைச் சரிவில் இறங்கும்போது முன்வடத்தைவிடப் பின்வடத்துக்கே வலுவான ஆட்களை நிறுத்தினார்கள். டிராக்டர் வந்ததும் பின்வடம் காணாமற்போயிற்று.

யூபிலி ஏற்பாடுகளுக்கான கூட்டத்தில், ஆலய வளாகத்தில் ஓடாமல் நிற்கும் பழைய வேனைத் தேருக்கான டிரெய்லராக மாற்றலாமே என்ற யோசனை எழுந்தது. இழுப்பவர்களில் முதியோர் அதிகம், இளைஞர் பிழைப்பைத் தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்றுவிட்டார்கள், ஆகவே வண்டி வேண்டும் என்பது நியாயமான பேச்சு. வேனைப் பழைய இரும்புக்கு எடை போடுவதைவிட அது மேலானதும்கூட. யோசனையை நாம் வரவேற்கிறோம். ஆனால் பணத்தைச் சாயத்துக்கும் மின்விளக்குக்கும் ஒதுக்கும் முன் பிரேக்குக்கு ஒதுக்க வேண்டுகிறோம். சுரூபமும் விளக்கும் ஜெனரேட்டரும் மேலே இருக்கட்டும். பிள்ளைகள் தரையில் நடந்து வரட்டும். ஆலயத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை இறக்கம், திரும்பும்போது ஏற்றம். இரண்டு வழியிலும் சக்கரத்துக்கு ஒருவராக இருவர், சீகை மரத்தில் செதுக்கிய கட்டையுடன் கூடவே நடக்க வேண்டும். கட்டைக்கு ஒரு முழ நீளம் போதும். தூக்கி நடப்பவரின் விரல் சக்கரத்தின் அடியில் மாட்டாதபடி நீளமான கயிற்றுப் பிடி ஒன்றும் வைத்துவிட வேண்டும்.